உட்டுவாய்க் கத்தரியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றக் கோரி

ரோட்டோருவா,
ஏரிக்கரைத் தெரு.

வெட்டு நொதிகளின் உலகப் பெயர்ப் பட்டியலைப் பராமரிக்கும் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்கள் ஐயாவா அம்மாவா என்று தெரியாததால் இருவருக்கும் சேர்த்தே வணக்கம். எங்கள் மலையிலிருந்து உங்கள் மலைக்கு வணக்கம். உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் இருக்கிற மேட்டுக்கு. எங்கள் ஏரியிலிருந்து உங்கள் ஏரிக்கு வணக்கம். அதுவும் இல்லையென்றால் உங்கள் குழாய்த் தண்ணீருக்கு. உங்கள் வீட்டில் காலமானவர்களுக்கு எங்கள் வீட்டில் காலமானவர்கள் சார்பாக மரியாதை. இவ்வளவும் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் காரியம் பேசுவதில்லை. பேசினால் என் அக்கா எழுந்து வெளியே போய்விடுவாள். நான் நலம். முழங்கால் நலமில்லை. தாங்கள் நல்ல உடல்நலத்துடனும், ஓர் எழுத்தை மாற்றிக் கொடுக்கும் தாராள மனத்துடனும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

என் பெயர் பரடெனே. சுற்றுலாப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைக்கு என் அக்கா அட்டரெட்டா தலைவி, நான் உறுப்பினன். உறுப்பினன் என்றால் நாற்காலி எடுத்துப் போடுகிறவன் என்று பொருள். அந்த நிலத்தில் உட்டுவாய் என்றொரு வெந்நீர்க் குளம் இருக்கிறது. அதில் நாங்கள் சோளம் அவிக்கிறோம், கடற்சிப்பி வேகவைக்கிறோம், விருந்து நாளில் துணியில் கட்டிய புட்டிங்கை இறக்குகிறோம். தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும், கிட்டத்தட்ட என் அக்காவைப் போல. இந்தக் குளத்தில்தான் எல்லா வம்பும் ஆரம்பித்தது.

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஃபிலிப்பா என்ற பெண் வந்தாள். நல்ல பெண், மரியாதை தெரிந்தவள், என்னை மாமா என்றும் அக்காவை அம்மா என்றும்தான் கூப்பிடுவாள். எங்கள் மொழியை வாரத்தில் இரண்டு மாலை வகுப்புக்குப் போய்ப் படிக்கிறாள். அனுமதி கேட்டு, பாட்டுப் பாடி, குளத்தில் ஒரு கரண்டி சேற்றை அள்ளிக்கொண்டு போனாள். பிறகு ஒரு வருடம் சத்தமே இல்லை. திடீரென்று ஒரு நாள் ஓடிவந்து, எங்கள் குளத்தில் யாருமே பார்த்திராத ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது என்றும், அதனிடம் ஒரு கத்தரி இருக்கிறது என்றும் சொன்னாள். நுண்ணுயிருக்குக் கத்தரி எதற்கு என்று என் சித்தப்பா மகன் டியோபிரா கேட்டான். இவன் பெயர்ப்பலகை எழுதுகிறவன், எதையும் நம்பமாட்டான்.

அந்தக் கத்தரி ஒரு நொதியாம். "சோப்புத் தூள்ல கறையைத் திங்குமே, அந்த நொதியா?" என்று டியோபிரா கேட்டான். ஜாதி அதுதான், தொழில் வேறு என்றாள் ஃபிலிப்பா. இது உயிரின் நிரல் எழுதியிருக்கும் நீளமான இழையைப் படித்துக்கொண்டே போகுமாம். குறிப்பிட்ட ஒரு சொல் வருகிற இடத்தில் மட்டும் நறுக்கென்று வெட்டுமாம். மற்ற இடத்தைத் தொடாதாம். வெட்டிய துண்டை வேறொரு நொதியை வைத்து இன்னொரு உயிரின் இழையில் ஒட்டிவிடலாம். அப்படி வெட்டி ஒட்டித்தான் செயற்கை உயிரியல்காரர்கள் ஈஸ்ட்டுக்குப் புதுப்புது வேலைகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கன்றின் வயிற்றில் இருந்து எடுத்துவந்த பால் திரிக்கும் நொதியைக்கூட இப்போது கன்றைத் தொடாமல் பாத்திரத்தில் நுண்ணுயிரை வளர்த்தே எடுக்கிறார்களாம், சீஸ் செய்வதற்கு. உங்களுக்கு இதெல்லாம் பாலர் பாடம். எங்களுக்குப் புதிது. மற்ற கத்தரிகள் சூட்டில் வதங்கிவிடும், எங்கள் குளத்துக் கத்தரி கொதிக்கிற தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது, அதனால் அசராமல் வெட்டும் என்று அவள் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"அதுக்கு எதுக்கும்மா கத்தரி?" என்று அக்கா கேட்டாள்.

"அழைக்காம உள்ள வர்ற வைரஸை வெட்டிப் போடறதுக்கும்மா."

அக்கா தலையாட்டினாள். "நம்ம குடும்பத்துப் பிராணிதான்," என்றாள்.

அடுத்து அதற்குப் பெயர் வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருந்த பெரியவர்கள், ஆய்வகக் கட்டடத்துக்குக் கொடை கொடுத்த ஒரு கனவானின் பெயரை வைக்கலாம் என்று முடிவு செய்து அனுப்பியிருந்தார்கள். ஃபிலிப்பா அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் கோப்பையைக் கீழே வைத்தால் எங்கள் கூடத்தில் எல்லோரும் வைத்துவிடுவார்கள்.

"அந்த ஆளு எங்க குளத்துக் கரையில ஒரு சோளமாவது அவிச்சுத் தின்னுருக்காரா?"

"இல்லம்மா."

"ஆழம் எவ்வளவுன்னு தெரியுமா அவருக்கு?"

"தெரியாதும்மா."

"அப்ப அவரு பேரு அவரு கட்டடத்துலயே இருக்கட்டும். எங்க தண்ணியில பொறந்ததுக்கு எங்க தண்ணியோட பேரு. இல்லேன்னா கரண்டியையும் சேத்தையும் கொண்டுவந்து திருப்பிக் குடுத்துடுங்க."

இதைப் பிடிவாதம் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. அந்தக் குளத்துக்கு நில அளவைக்காரர்கள் வரைபடத்தில் வைத்த பெயர் 'எண் பதினான்கு'. சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயர் 'சாத்தானின் கஞ்சிப்பானை'. அப்படி ஒரு பலகையே நட்டு வைத்திருந்தார்கள். அக்கா இளம் பெண்ணாக இருந்தபோது ஒரு பேருந்து நிறைய வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அதைப் பிடுங்கி, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பில் வைத்தாள். அன்று ரொட்டி நன்றாக வெந்தது என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு வரைபடத்தில் உட்டுவாய் என்ற பெயரை ஏற்றுவதற்கு அவள் எழுதாத அலுவலகம் கிடையாது. அது நடந்து முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைகள் வளர்ந்து, அத்தானும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் மண்ணில் வந்து எதையாவது கண்டுபிடிக்கிறவர்கள் எல்லாம் அதற்குத் தங்கள் மாமனார் பெயரை வைத்துவிட்டுப் போகிற வழக்கத்தை அவள் ஒருத்தி நின்று தடுத்தாள். அதனால் ஃபிலிப்பா திரும்பிப் போய்ச் சண்டை போட்டு வென்று வந்து, நுண்ணுயிரின் பெயர் தெர்மஸ் உட்டுவையென்சிஸ் என்று அறிவித்தபோது எங்கள் கூடத்தில் தள்ளாடும் கிழவர்கள்கூட எழுந்து ஆடினார்கள். "தெர்மஸ்னா டீ ஊத்தி வைக்கிற குடுவையில்ல?" என்று டியோபிரா கேட்டதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மகிழ்ச்சி தாங்காமல் ஃபிலிப்பா இன்னொரு காரியம் செய்தாள். நுண்ணுயிரின் வகைக்கு ஓர் எழுத்து வேண்டுமாம். சேறு இருந்த குப்பியில் கே என்று எழுதியிருந்ததால் அதுவரை கே வகை என்றுதான் சொல்லிவந்தார்களாம். "அம்மா, அதை மாத்தி உங்க பேரோட முதல் எழுத்தை வச்சிடறோம்," என்றாள். அக்கா வேண்டாம் என்று வாயால் சொல்லிக்கொண்டே சால்வையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆகவே கே போனது, ஏ வந்தது. பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் சரிபார்க்கும் பொறுப்பை, சும்மா இருக்கிறான் என்று என்னிடம் கொடுத்தார்கள். உட்டுவாய் சரியாக இருக்கிறது, அட்டரெட்டா சரியாக இருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கத்தரியின் பெயரை யாரும் என்னிடம் காட்டவில்லை. தொலைபேசியில் ஃபிலிப்பா சொன்னாள், "டட்-ஏ-ஒன்" என்று. ஏதோ பேருந்துத் தடம் மாதிரி இருக்கிறதே என்று நினைத்து, நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐயா, அல்லது அம்மா, இனிமேல் நான் கொஞ்சம் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நுண்ணுயிரின் முதற்பெயரிலிருந்து ஓர் எழுத்தும், இரண்டாம் பெயரிலிருந்து இரண்டு எழுத்தும், பிறகு வகையின் எழுத்தும், கடைசியில் எத்தனையாவது கத்தரி என்பதற்கு ரோமானிய எண்ணும் சேர்த்துக் கத்தரிக்குப் பெயர் வைப்பது என்று உங்கள் துறையில் யார் முடிவு செய்தார்களோ அவர்களை நான் ஒரு முறை பார்க்க விரும்புகிறேன். தெர்மஸில் டி. உட்டுவாயில் யு, டி. அக்காவின் ஏ. கடைசியில் ரோமானிய ஒன்று. நீங்கள் அதை ஒன்று என்று வாசிப்பீர்கள். எழுதிப் பார்த்தால் அது ஐ என்ற எழுத்து. நட்டுவைத்த குச்சி.

கத்தரியின் பெயரைப் பல்கலைக்கழகம் ஊரறியக் கொண்டாடும் திறப்பு விழாவுக்குக் குளக்கரையில் நடுவதற்கான பலகையை டியோபிராதான் எழுதிக்கொண்டிருந்தான். "அண்ணே, கொஞ்சம் பட்டறைக்கு வா. தனியா வா," என்று அழைத்தான். போனேன். பலகைக்கு முன்னால் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"படி," என்றான்.

"டட்-ஏ-ஒன்."

"டாக்டர் மாதிரி படிக்காதே. நம்ம வீட்டு ஆளு மாதிரி படி."

நான் எழுத்துக் கூட்டினேன். "டுட்... டாய்."

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவை எனக்கே கேட்டது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். அவன் அழுதிருக்கவில்லை. காலையிலிருந்து சிரித்துச் சிரித்துக் கண் அப்படி ஆகியிருந்தது.

எங்கள் மொழியில் டூட்டாயெ என்று ஒரு சொல் உண்டு. பழைய சொல். நேற்று உண்ட விருந்து இன்று காலையில் நம்மிடம் விடைபெறும்போது எந்த உருவத்தில் போகிறதோ, அந்த உருவத்துக்குப் பெயர் அது. இன்னும் நாசூக்காக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் எழுத்தை நீட்ட வேண்டும், கடைசி எழுத்தும் ஒரு மயிரிழை மாறும்தான், ஆனால் எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து வாசித்தால் அந்த மயிரிழை எங்கே நிற்கும்?

"பலகை எங்க நிக்கப் போகுது, சொல்லு," என்றான் டியோபிரா.

"குளத்துக் கரையில."

"எந்தக் குளம்?"

"சமைக்கிற குளம்."

"ஆக, பீன்னு பெருசா எழுதி நட்டுட்டு, அதுக்குக் கீழ சோளம் அவிக்கப் போறோம். எனக்குச் சோளம் வேண்டாம்ணே. இப்பவே சொல்லிட்டேன்."

இது சிரிக்கிற விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் துடைக்கிற துணியை மற்ற துணியோடு துவைக்கமாட்டோம். சாப்பாட்டு மேசை மேல் ஏறி உட்கார்ந்த ஒரு விருந்தாளியை அக்கா பெட்டி படுக்கையோடு அனுப்பியிருக்கிறாள். அவர் ஒரு நகராட்சித் தலைவர். சாப்பாடு ஒரு பக்கம், வயிற்றிலிருந்து இறங்குவது இன்னொரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. அப்படிப்பட்டவளுடைய பெயரின் முதல் எழுத்தைக் கொண்டுபோய் அந்தச் சொல்லுக்கு நடுவில் தூண் மாதிரி நிறுத்தி, அவள் சமைக்கும் குளத்தருகே அவள் கையாலேயே திறக்க வைக்கப் போகிறார்கள். சாத்தானின் கஞ்சிப்பானையைப் பிடுங்கிப் போட்டவளுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த பெயர் இது.

எதற்கும் ஃபிலிப்பாவிடம் சொல்லிவிடுவோம் என்று மறுநாளே பேருந்து பிடித்துத் தெற்கே போனேன். என் கையில் காகிதத்தில் அந்தப் பெயர் எழுதியிருந்ததை அவள் பார்த்தாள். பார்த்ததும் முகம் பூவாக மலர்ந்தது. அவள் அதுவரை வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள் அல்லவா, எழுத்தை எங்கள் மொழி மாதிரி வாசிக்கலாம் என்று அப்போதுதான் அவளுக்கும் பட்டிருக்கிறது.

"மாமா, இது உங்க மொழி வார்த்தை மாதிரியே இருக்கே. டுட்டாய். நான் சரியாச் சொல்றேனா? முதல் எழுத்தை நீட்டணுமா?"

"நீட்டாதே," என்றேன்.

"அர்த்தம் இருக்கா மாமா? இருந்தா எவ்வளவு அழகா இருக்கும்."

அவளைச் சுற்றி ஆறேழு மாணவர்கள் வெள்ளை அங்கியோடு நின்று என்னையே பார்த்தார்கள். ஒரு பெண் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்துவிட்டாள். பேருந்து ஓட்டிய காலத்தில் பயணிகள் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்களுக்குப் பழக்கம். "அது வந்தும்மா... நிலத்துலேருந்து வந்து, மறுபடி நிலத்துக்கே போய்ச் சேர்றது," என்று சொல்லிவிட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயா, நான் பொய் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதன் பிறகு வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. விழா அழைப்பிதழில் அச்சாகிவிட்டது: 'டுட்டாய்: நிலத்திலிருந்து வந்து நிலத்துக்கே திரும்புவது.' உள்ளே இன்னொரு வரி: 'நாளைய சீஸ் டுட்டாயிலிருந்து பிறக்கிறது.' இதை எழுதியவர்கள் சுத்த மனத்தோடு எழுதியிருக்கிறார்கள், அதுதான் கொடுமை. விழாவுக்கு வருகிற அமைச்சரின் அலுவலகத்திலிருந்து எனக்குத் தொலைபேசி செய்து, அமைச்சர் உங்கள் மொழியைச் சரியாக உச்சரிக்க ஆசைப்படுகிறார், அந்தச் சொல்லை மெதுவாக ஒரு முறை சொல்லுங்கள், பதிவு செய்துகொள்கிறோம் என்றார்கள். சொன்னேன். பின்னணியில் யாரோ திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவது கேட்டது. மாணவர்கள் பாட்டு ஒன்று கட்டியிருக்கிறார்கள், கையசைவோடு. போன வாரம் ஃபிலிப்பா என்னை வரவழைத்து ஒத்திகை காட்டினாள். கைகள் மேலேயிருந்து கீழே இறங்கும், பிறகு நிலத்தைத் தொடும். பொருளுக்கு அவ்வளவு பொருத்தமான அபிநயத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. முடிந்ததும் கேக் வெட்டினார்கள். சாக்லேட் கேக். மேலே கொழுகொழுவென்று அதே எழுத்துகள். எனக்குத்தான் முதல் துண்டு, ஏ என்ற எழுத்து இருந்த துண்டு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இதற்குள் டியோபிரா சும்மா இருப்பானா? சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. பெர்த்தில் சுரங்க வேலைக்குப் போன உறவினர்கள்கூட விமானச் சீட்டு வாங்கிவிட்டார்கள். அப்பனின் சாவுக்கு வராதவர்கள் இதற்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் 'மண்ணுக்கே திரும்புவாய்' என்று வாசித்தபோது மூன்று வரிசை ஆட்கள் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்கள். தெரியாத ஒரே ஆள் அக்காதான். அவள் முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. இவ்வளவு பேருக்கு முன்னால், அவள் வாழ்நாளெல்லாம் காப்பாற்றிய பெயர் சிரிப்பாய்ச் சிரிக்கப் போகிறது. எனக்கு அக்காவிடம் பயம், ஊருக்கே தெரியும். பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருக்கிறது. இந்த வயதில் அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவள் அவமானப்பட்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் குளத்தங்கரையில் சோளக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தக் கத்தரிப் பேருல உன் எழுத்து ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு. எடுத்துட்டு, வேற எதுக்காவது உன் முழுப் பேரையும் வைக்கச் சொல்லலாமே? ஒரு கட்டடம், கிட்டடம்..."

"எனக்கு ஒரு எழுத்து போதும். பேராசை கிடையாது."

"அந்த ஏ அங்க நல்லாவே இல்லக்கா. பழைய கே-தான் பார்க்க லட்சணமா இருந்துச்சு."

"ஏன்டா, உன் பேருல இருந்து எழுத்து எடுக்கலேன்னு வயித்தெரிச்சலா?"

"சே, அதில்லக்கா."

"அப்ப கயித்தைப் பிடி. சோளம் கரையுது."

பிடித்தேன். வேறென்ன செய்வது?

ஆகவே தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அந்த ஏ-வை எடுத்துவிட்டுப் பழையபடி கே என்று போட்டுவிடுங்கள். நீங்களாகவே கண்டுபிடித்த குற்றம் மாதிரி ஃபிலிப்பாவுக்கு எழுதுங்கள்: குப்பியில் இருந்த எழுத்தை மாற்றக் கூடாது, விதி இடம் கொடுக்காது என்று. அப்படி ஒரு விதி இல்லாவிட்டால் தயவுசெய்து ஒன்றை உண்டாக்குங்கள். பெரிய அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு அதெல்லாம் ஒரு சிரமமா? கத்தரியை முதலாவது என்று சொல்லாமல் இரண்டாவது என்று போட்டால் தப்பிக்கலாமோ என்றும் யோசித்தேன். எழுதிப் பார்த்தேன். இரண்டு குச்சி வந்ததும் சொல் இன்னும் நீண்டு, மலையடிவாரத்திலிருந்து யாரோ அதைக் கத்திச் சொல்வது போல ஆகிவிடுகிறது. எனவே கே ஒன்றுதான் வழி. பெயர் மாறினால் பழைய அழைப்பிதழ் செல்லாது, பாட்டு செல்லாது, அமைச்சர் பழகியது வீண். டியோபிரா பலகையை அழித்து எழுத ஒப்புக்கொண்டிருக்கிறான், ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வானாம்.

இதை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பேன். அறக்கட்டளையின் கணினிக்குக் கடவுச்சொல் வைத்தவள் அக்கா, வருகிற போகிற எல்லாவற்றையும் படிப்பவளும் அவள். ஆகவே காகிதத்தில், பசை தடவி, கண்ணாடி நாடாவும் ஒட்டி அனுப்புகிறேன். முழங்கால் வலியால் என்னால் தபால் நிலையம் வரை நடக்க முடியாது. அக்கா இன்று நகரத்துக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறாள். பழைய பேருந்து நிறுவனத்துக்கு ஓய்வூதிய விஷயமாக எழுதியது என்று சொல்லி அவளிடமே கொடுத்துவிடுகிறேன். அவளுக்குச் சந்தேகம் வராது.

தங்கள் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும். தங்கள் பிள்ளைகள் தங்கள் சொல் கேட்கட்டும். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை, உங்களுக்காவது நடக்கட்டும். தங்கள் பட்டியலில் இருக்கும் கத்தரிகள் எல்லாம் கூர் மழுங்காமல் நூறு வருடம் வெட்டட்டும். எங்கள் மலையும் ஏரியும் காலமானவர்களும் மறுபடியும் தங்களுக்கு மரியாதை சொல்லி விடைபெறுகிறார்கள்.

தங்கள் பணிவுள்ள,
பரடெனே

பின்குறிப்பு: பதில் எழுதினால் டியோபிராவின் பட்டறை முகவரிக்கு எழுதவும். உறையின் மேல் 'பெயிண்ட் விலை' என்று போடவும்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: இதை எழுதுவது பரடெனே அல்ல, அவன் அக்கா. ஓய்வூதியத்துக்கு யாரும் இவ்வளவு நாடா ஒட்டமாட்டார்கள். காரை ஓரமாக நிறுத்திப் பிரித்துப் படித்தேன்.

மலைகளுக்கும் இறந்தவர்களுக்கும் அவன் சொன்ன வணக்கம் சரியாக இருக்கிறது. மற்றபடி எதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏ அங்கேயே இருக்கட்டும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்று என் தம்பி எதை வைத்து நினைத்தான் என்று புரியவில்லை; அவனுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஃபிலிப்பா அந்தப் பெயரை அனுப்பிய அன்றே படித்துவிட்டேன். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். என் கணவர் போன பிறகு அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்துவிட்டு யோசித்தேன். எங்கள் குளத்தைச் சாத்தானுடையது என்றும் பதினான்கு என்றும் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் உலகத்தில் உள்ள ஒவ்வொரு ஆய்வகத்திலும் குளிர்பெட்டியைத் திறந்து, எங்கள் சொல்லைக் குப்பியில் எழுதி, சிந்தாமல் சிதறாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போகப் போகிறார்கள். நூறு கட்டடங்களுக்கு என் பெயரை வைத்தாலும் எனக்கு இந்தச் சந்தோஷம் வராது.

பலகை குளக்கரையில் நிற்காது. சமைக்கிற இடத்தில் அந்தச் சொல் ஆகாது. வண்டி நிறுத்துகிற இடத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில் குழி வெட்டச் சொல்லியிருக்கிறேன். விழாவும் அங்கேயேதான். அமைச்சரையும் விருந்தினர்களையும் மூன்று முறை உச்சரிக்க வைப்பேன், முதல் எழுத்தை நன்றாக நீட்டி.

ஃபிலிப்பாவிடம் என் தம்பி சொன்ன பொருள் தவறில்லை. பாதியோடு நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். மீதியை விழா மேடையில் அவன் வாயாலேயே சொல்வான். இதுவரை அவனிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

அட்டரெட்டா